புடைப்புக் கோலமும் பூசும் வண்ணமும்

தமிழகத்தை விட்டு வெளியூர்களில் குடியேறி வாழும் நம்மவர்க்குப் பொங்கல் திருநாள் முன்பெல்லாம் அஞ்சற்காரர் கைவழியாகவே வந்து சேர்ந்தது. கரும்பும் மஞ்சட்கொத்தும் சந்தைக்கு வருமுன்னரே, காளையும் கதிரவனும் பொங்கி வழியும் பானையும் அச்சிட்ட வாழ்த்தட்டைகள் வீடு வந்து சேரும். அவற்றை நூலிற் கோத்துக் கூடத்திலே தோரணமாகத் தொங்கவிட்ட வீடுகளை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். இன்று அந்த வாழ்த்து கைப்பேசியில் ஒரு நொடியில் வருகிறது; மறுநொடியில் வேறொரு வாழ்த்து வந்து அதனைக் கீழே தள்ளிவிடுகிறது. வாழ்த்தியவர் அன்பில் குறையில்லை. ஆயினும், எடுத்து வைத்துக்கொள்ளக் கையில் ஒன்றும் இல்லை.

இக்குறையை உணர்ந்தோ என்னவோ, பெங்களூரில் நாம் அறிந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், மார்கழி மாதத்து விடுமுறை நாள்களில் குழந்தைகளையும் உடன் வைத்துக்கொண்டு, கைத்தாளில் வாழ்த்தட்டை செய்யும் வழக்கம் தலையெடுத்திருக்கிறது. கையால் செய்த தாளில் கோலத்தை மேடாக எழுப்பி, அதற்கு வண்ணம் ஊட்டும் முறையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். இது சிறு பொருள்தானே என்று நீங்கள் கருதலாம். சிறு பொருள்தான். ஆனால் இச்சிறு பொருளில் நாம் செய்த ஒரு பிழை, முதிய ஒருவர் மனத்தைக் கலங்கச் செய்துவிட்டது. அதனைச் சொல்லித் தொடங்குவதே முறை.

முதல் ஆண்டு நாம் செய்த அட்டைகள் முழுவெண்மையாக இருந்தன. பொங்கற்பானையும் இரு கரும்பும் தாளின் பின்புறமிருந்து அழுத்தப்பட்டு முன்புறத்தில் மேடாக எழுந்து நின்றன. சன்னலோரத்துச் சாய்ந்த வெயிலில் வைத்துப் பார்த்தபொழுது, பளிங்கிற் செதுக்கியவை போன்று விளங்கின. வண்ணம் தீட்டினால் இத்தூய்மை கெட்டுவிடும் என்று நமக்குள்ளே பெருமையும் பட்டுக்கொண்டோம். அவற்றுள் ஒன்றைத் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் வாழும் எங்கள் அத்தைக்கு அனுப்பினோம். எண்பதை நெருங்கிய வயது அவருக்கு; கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அட்டை சேர்ந்த அன்றே தொலைபேசியில் அழைத்தார். “ஏய்யா, நல்ல நாளும் பொழுதுமா வெறுந்தாளை அனுப்பியிருக்கியே, மூலையில ஒரு பொட்டு மஞ்சள்கூட வைக்கலியே? உறையைப் பிரிச்சதும் எனக்குத் திக்குனு ஆயிட்டு. அங்கே எல்லாரும் சுகந்தானே?” என்று அவர் கேட்டபொழுது, நமக்கு மறுமொழி எழவில்லை.

அத்தையின் கேள்வியிலே இரண்டு உண்மைகள் அடங்கியிருந்தன. ஒன்று ஒளியைப் பற்றியது. புடைப்பு உருவத்திற்குத் தனக்கென ஒரு நிறமில்லை. மேட்டில் விழும் வெளிச்சமும் பள்ளத்தில் தங்கும் நிழலுமே அதனை நமக்குக் காட்டுகின்றன. விளக்கு நேர்மேலே இருந்தால் நிழல் இல்லை. நிழல் இல்லையேல் உருவமும் இல்லை. கூர்த்த கண்ணுக்குப் புலப்படும் மெல்லிய நிழல், புரை மூடிய கண்ணுக்கு எங்ஙனம் புலப்படும்? மற்றொன்று மரபைப் பற்றியது. திருமண அழைப்பிதழாயினும் புதுக்கணக்கு நோட்டாயினும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தொடங்கும் குடியில் பிறந்தவர்கள் நாம். மஞ்சளோ குங்குமமோ காணாத வெறுந்தாள் நம் வீடுகளில் நற்செய்திக்கு அடையாளமன்று. நமக்குத் தூய்மையாகத் தோன்றியது அவருக்குத் துயரச் செய்தியாகத் தோன்றியதில் வியப்பென்ன? அன்றே, அடுத்த ஆண்டு வண்ணமில்லாமல் ஓர் அட்டையும் வெளியே போகக்கூடாது என்று முடிவு செய்தோம். அம்முடிவை நிறைவேற்றுவது நினைத்த அளவு எளிதாக இருக்கவில்லை.

ஏன் எளிதாக இல்லை என்பதை அறியத் தாளின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். ஆலைத்தாள் பெரும்பாலும் மரக்கூழினின்று வருவது. அதன் இழை குறுகியது. நல்ல கைத்தாளோ பருத்திக் கந்தலிலிருந்து வருவது. திருப்பூர் போன்ற பின்னலாடை ஊர்களில் பனியன் வெட்டும்பொழுது விழும் துண்டுகள் இதற்கு உகந்தவை. துணியை நறுக்கி, நீரில் அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தால் அள்ளி, நீரை வடித்து, கம்பளி விரிப்பில் கவிழ்த்து, அழுத்தி உலர்த்தினால் ஒரு தாள் பிறக்கிறது. ஒவ்வொரு தாளும் தனித்தனியே பிறப்பதால் அதன் ஓரம் வெட்டியதுபோல் இராது. வெற்றிலை ஓரம்போல் நெளிந்திருக்கும். பருத்தி இழை நீளமானது. ஆதலால் அழுத்தும்பொழுது வெடிக்காமல் நீண்டு கொடுக்கிறது. ஆலை அட்டையில் ஆழமாகக் கோடிட்டால் முகட்டில் விரிசல் காணும், கைத்தாளில் காணாது. புடைப்பு வேலைக்குக் கைத்தாளைத் தேடுவதற்கு அழகு மட்டும் காரணமன்று.

இவ்விடத்தில் தமிழர் ஒருவரை நினைவுகூர்வது நம் கடமை. 1892ஆம் ஆண்டு தஞ்சையில் பிறந்து, இலண்டனில் கணக்காய்வும் அமெரிக்காவில் பொருளியலும் கற்று, பின்னர் காந்தியடிகளின் வழியில் நின்ற ஜே. சி. குமரப்பா அவர்களே அப்பெரியார். 1934ஆம் ஆண்டு தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பை ஏற்று, வார்தாவில் இருந்து அவர் வளர்த்த கைத்தொழில்களுள் கைத்தாளும் ஒன்று. வாழ்நாளின் இறுதியில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் தங்கிப் பணியாற்றி, 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அவர் மறைந்தார். இராசத்தானத்தில், செய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் உள்ள தேசியக் கைத்தாள் ஆராய்ச்சி நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தாரின் கைத்தாள் தொழிற்கூடம் 1959ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. வெளியூரில் வாழும் தமிழன் கையிலெடுக்கும் கைத்தாளுக்குப் பின்னே, அவனைப்போலவே ஊர்விட்டு ஊர் சென்று உழைத்த ஒரு தமிழரின் தொண்டும் இருக்கிறது.

இனிப் புடைப்பு எழுப்பும் வழியைக் காண்போம். பெங்களூரில் சுல்தான்பேட்டையிலும் அவென்யூ சாலையிலும் உள்ள திருமண அட்டைக் கடைகளில் நீங்கள் காணும் புடைப்பு வேலை, உலோக அச்சுகளைக்கொண்டு பொறியால் அழுத்திச் செய்வது. வீட்டில் செய்வதற்கு அத்துணை ஏற்பாடு வேண்டா. பழைய எக்ஸ்ரே படத்தைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து, அதில் வேண்டிய உருவத்தைக் கூரிய கத்தியால் வெட்டியெடுத்தால் அதுவே வெட்டுத்தகடு. அதனைத் தாளின் முன்புறத்தில் ஒட்டுநாடாவால் பொருத்தி, தாளைத் திருப்பிச் சன்னற் கண்ணாடிமேல் வைத்துப் பிடித்தால், வெளிச்சத்தில் உருவத்தின் விளிம்பு தெரியும். மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவின் முனையால், பின்புறத்திலிருந்து அவ்விளிம்பை ஒட்டி மெல்ல அழுத்திக்கொண்டே வரவேண்டும். முதற்சுற்றில் இலேசாகவும், அடுத்த சுற்றில் அழுத்தமாகவும் இழுத்தால் தாள் கிழியாமல் எழும். முனை வழுக்கிச் செல்லப் பின்புறத்தில் மெழுகு தேய்ப்பதுண்டு. ஆனால் மெழுகு முன்புறத்தில் பட்டுவிடலாகாது. பட்ட இடத்தில் பின்னர் வண்ணம் ஏறாது.

தமிழ் எழுத்தைப் புடைப்பில் அமைக்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. நம் எழுத்துகளில் சுழிகள் மிகுதி. ‘பொங்கல் வாழ்த்து’ என்று வெட்டத் தொடங்கினால், கொம்பின் சுழியும் ககரத்தின் வயிறும் லகரத்தின் சுழியும் தகட்டினின்று தனியே கழன்று விழுந்துவிடும். ஒவ்வொரு சுழியின் உட்புறத்தையும் வெளித்தகட்டோடு இணைக்கச் சிறு பாலம் ஒன்று விட்டு வெட்டவேண்டும். ‘ங்’ என்னும் எழுத்தின் புள்ளியைக் கத்தியால் வெட்டுவதைவிடத் தாள்துளைப்பானால் ஒரே குத்தில் துளைப்பது நன்று. மேலும், பின்புறமிருந்து அழுத்துவதால் எழுத்து இடவலம் மாறித் தெரியும். பள்ளியில் தமிழ் கற்கும் வாய்ப்பில்லாத நம் குழந்தைகள், ஓர் எழுத்தின் சுழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை இவ்வேலையில் விரலாலேயே கற்றுக்கொள்கின்றனர். பாடநூலில் பத்து நாள் எழுதிப் பார்த்தும் பதியாத ழகரம், அதனைத் தகட்டில் வெட்டிய குழந்தைக்கு மறப்பதில்லை.

உருவம் எழுந்துவிட்டது. இனி வண்ணம். தூரிகையை நீர்வண்ணத்தில் தோய்த்துப் பானையின்மேல் பூசினோம். கண்ணெதிரிலேயே வண்ணம் விளிம்பைக் கடந்து பரவிற்று. உலர்ந்தபின் பார்த்தால் மேடும் பாதிக்குமேல் அமர்ந்துவிட்டது. பன்னிரண்டு அட்டைகள் இவ்வாறு பாழாயின. இதற்குக் காரணம் என்ன? பருத்தித்தாள் என்பது நுண்ணிய இழைகள் ஒன்றையொன்று பற்றிப் பின்னிக் கிடப்பது. ஈரம் பட்டதும் இழைகள் நீரைக் குடித்துப் பருக்கின்றன. பற்றியிருந்த பிடி தளர்கிறது. அழுத்தத்தால் எழுந்த மேடு தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. உலரும்பொழுது இழைகள் மீண்டும் பற்றிக்கொள்கின்றன. ஆனால் அப்பொழுது எவ்வுருவில் கிடக்கின்றனவோ அவ்வுருவிலேயே நின்றுவிடுகின்றன. ஈரத்தாளை அச்சில் வைத்து அழுத்தி, அழுத்தியபடியே உலரவிட்டால் புடைப்பு உறுதியாக நிற்பதும் இதனாலேதான். உருவத்தை நிலைநிறுத்துவதும் நீரே. அதனைக் கரைப்பதும் நீரே. இதனை உணர்ந்துகொண்டால், வண்ணமூட்டும் வழிகளெல்லாம் தாமே விளங்கிவிடும்.

முதல் வழி, நீரே இல்லாத வண்ணம். வண்ணப் பென்சிலின் முனையைக் கிடைநிலையில் சாய்த்து, மேட்டின்மேல் மட்டும் படுமாறு மெல்லத் தேய்த்தால், முகட்டிலே நிறம் ஏறும். பள்ளம் வெண்மையாக நிற்கும். சிறுவர்களுக்கு இதனினும் எளிய வழி இல்லை. வண்ணச் சுண்ணக்கட்டியைப் பொடியாக்கிப் பஞ்சில் தொட்டு, வெட்டுத்தகட்டைக் கழற்றுமுன்பே அதன் துளைவழியே ஒற்றியெடுப்பது மற்றொரு முறை. விளிம்பு கடவாமல் நிறம் அமையும். பொடி உதிரக்கூடுமாதலால், ஒற்றியபின் தாளைக் கவிழ்த்துத் தட்டி, மிகுந்ததை உதிர்த்துவிட வேண்டும். முத்திரைக்கு மை ஒற்றும் பட்டையிருந்தால், விரல்நுனியில் சிறிதளவே மையெடுத்து முகட்டைத் தொட்டும் தொடாமலும் ஒற்றலாம்.

இரண்டாம் வழி, முன்னதைப் பின்னதாக்குவது. அஃதாவது, முதலில் தாளில் நீர்வண்ணத்தைப் பூசி, பாரமேற்றி ஒருநாள் நன்றாக உலரவிட்டு, அதன்பின் புடைப்பை எழுப்புவது. பரந்த வானமோ வயலோ தீட்ட விரும்புவோர்க்கு இதுவே ஏற்றது. மூன்றாம் வழி, நீரைக் குறைத்துக் குழைத்த கெட்டி வண்ணம். சுவரொட்டி வண்ணத்தைத் தயிர்ப்பதத்தில் வைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் முகட்டிலிருந்து தொடங்கி விளிம்புவரை செல்லாமல் நிறுத்த வேண்டும். தாள் எவ்வளவு நீரைக் குடிக்கும் என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. மூலையில் ஒரு துளி நீரை வையுங்கள். துளி முத்துப்போல் சிறிதுநேரம் நின்றால் தாளில் பசை ஏற்றப்பட்டிருக்கிறது. உடனே உறிஞ்சப்பட்டால் இல்லை. பசையில்லாத தாளுக்கு, வடிகட்டிய தெளிந்த அரிசிக் கஞ்சியை இருபுறமும் ஒரு பூச்சுப் பூசி உலர்த்திக்கொண்டால், அதன்பின் வண்ணம் பரவாது. கஞ்சிப்பசைக்குப் பூச்சி வருமென்று புத்தகம் கட்டுவோர் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு, அது நச்சு. குழந்தைகள் புழங்கும் வேலையில் அதனைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

மேட்டை அழுத்தி எழுப்பாமல், பசையால் கட்டியே எழுப்பும் நான்காம் வழியும் உண்டு. அதனைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டா. பெங்களூரில் குமாரகிருபா சாலையிலேயே, 1960ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கர்நாடக சித்திரகலா பரிஷத்தின் காட்சிக்கூடத்தில் மைசூர் மரபு ஓவியங்களைக் காணலாம். வெள்ளைத்தூளும் மஞ்சள்நிறப் பிசினும் கோந்தும் சேர்த்து அரைத்த பசையை மெல்லிய தூரிகையால் தாளின்மேல் இழைத்து, அணிகலனையும் தூணையும் மெல்லிய மேடாக எழுப்பி, அதன்மேல் தங்க இலை ஒட்டுவர் அவ்வோவியர். நம் தஞ்சாவூர் ஓவியத்தில் மேடு உயரமாக இருக்கும், கண்ணாடிக்கல்லும் பதிப்பர். மைசூர் ஓவியத்தில் மேடு தாழ்ந்து, கோடு நுண்மையாக இருக்கும். 1565ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போருக்குப்பின் விசயநகரம் சிதைந்தபொழுது, அங்கிருந்த ஓவியர் பலர் தெற்கே பல ஊர்களுக்கும் குடிபெயர்ந்தனர். தஞ்சை மரபும் மைசூர் மரபும் அவ்வொரே வேரினின்று கிளைத்த உடன்பிறப்புகள் என்பர் கலையறிஞர். குடிபெயர்ந்தோர் கொண்டுசென்ற கலை, சென்ற இடத்து மண்ணுக்கேற்ப இருவேறாக மலர்ந்தது. நம்மைப்போன்றோர்க்கு இது பெரிய ஆறுதலன்றோ?

1794 முதல் 1868 வரை வாழ்ந்த மூன்றாம் கிருஷ்ணராச உடையார் இக்கலையைப் போற்றி வளர்த்தார். கையால் வண்ணம் தீட்டிய கஞ்சிபா என்னும் ஆட்டச்சீட்டுகளிலும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. தசாவதாரக் கஞ்சிபாவில் அவதாரத்திற்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகள் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் சீட்டில் ஓர் அவதாரத்தையே அடக்கிய அக்கலைஞர்களை எண்ணிப் பார்த்தால், அஞ்சலட்டை அளவுத் தாள் நமக்குச் சிறிதாகத் தோன்றாது. அவர்களுடைய பசைமேட்டு முறையை நாம் வீட்டில் பின்பற்ற விரும்பினால், பழைய முறையின் ஈயவெள்ளைக்கு மாறாகச் சுண்ணக்கட்டிப் பொடியைக் கோந்தில் குழைத்துக்கொள்ளலாம். ஈயம் உடலுக்குக் கேடு. கூம்பாகச் சுருட்டிய தாளில் பசையை இட்டுப் பிதுக்கினால், மருதாணிக்கோலம் இடுவதுபோல் கோடு விழும். நன்றாக உலர்ந்தபின் அதன்மேல் கெட்டி வண்ணம் தடவலாம், பசைமேடு அமர்ந்துவிடாது.

கன்னட நாட்டு அண்டை வீட்டாரிடமிருந்து நாம் கற்ற வழி ஒன்றும் உண்டு. நம் பொங்கல் நாளே அவர்களுக்குச் சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் கலந்து வீடுவீடாகக் கொடுத்து, இனியவை பேசுங்கள் என்று வாழ்த்துவர். அதனுடன் ‘சக்கரெ அச்சு’ என்னும் சர்க்கரைப் பொம்மைகளும் வரும். குடைந்த மர அச்சுகளில் சர்க்கரைப் பாகை ஊற்றி வார்த்த கிளியும் மாடமும் அவை. ஆழம் குறைந்த அத்தகைய அச்சொன்றை இரவல் வாங்கி, எண்ணெய் தடவி, ஊறவைத்து அரைத்த கைத்தாட் கூழை அதில் வைத்து, பஞ்சால் ஒற்றி நீரை உறிஞ்சி உலர்த்தினோம். மறுநாள் எடுத்தால், தாளாலான கிளி ஒன்று கையில் வந்தது. கூழிலேயே வண்ணத்தைக் கலந்துவிட்டால் பின்னர்ப் பூசும் தொல்லையும் இல்லை. சனவரி மாதத்துப் பெங்களூர்க் காற்று வறண்டது. ஆதலால் இவை விரைந்து உலர்கின்றன. சென்னையிலோ கொச்சியிலோ வாழ்வோர் இன்னும் ஒருநாள் பொறுக்க வேண்டும்.

உலக வழக்கையும் ஒரு வார்த்தை சொல்லலாம். 1843ஆம் ஆண்டு இலண்டனில் என்றி கோல் என்பார் அச்சிடுவித்த முதல் கிறித்துமசு வாழ்த்தட்டையின் கோடுகள் மட்டுமே அச்சு. வண்ணமோ கையால் ஊட்டப்பெற்றது. சப்பானிய மரச்செதுக்குப் படங்களில், மை தடவாத கட்டையால் தாளை அழுத்தி ஆடையின் நெசவையும் பனியையும் வெறும் புடைப்பாகக் காட்டும் முறை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சிறந்து விளங்கிற்று. அவர்கள் எங்கும் வண்ணம் நிரப்பவில்லை; எங்கே வண்ணம், எங்கே வெறும்புடைப்பு என்று பகுத்தார்கள். இப்பகுப்பே இக்கலையின் உயிர். மேடு முழுவதையும் அடர்ந்த வண்ணத்தால் மூடிவிட்டால், நிழல் மறைந்து, அச்சிட்ட படத்திற்கும் இதற்கும் வேறுபாடு இல்லாமற் போகும்.

ஆனால் அத்தைக்கு எங்கே வண்ணம் வைப்பது? இதனைப் பலநாள் எண்ணினோம். வெண்மைமேல் மஞ்சள் அவர் கண்ணுக்குத் தெரியாது. புரை விழுந்த கண்ணுக்கு நீலமும் மங்கித் தோன்றும். மஞ்சட்பொடி வெயிலில் வெளுக்கும். சுண்ணாம்பு பட்டால் ஆரத்திநீர்போலச் சிவக்கும். ஆதலால் அதனை மங்கலத்திற்காக மூலையில் வைக்கலாமே தவிர, ஓவியத்திற்கு நம்பக்கூடாது. விடை ஒருநாள் விடியற்காலையில் எங்கள் வாசலிலேயே கிடைத்தது. மார்கழிக் கோலத்தை வெள்ளை மாவால் இட்டு, அதனைச் சுற்றிக் காவியைப் பூசுகிறோம் அல்லவா? கோலம் வெள்ளையாகவே நிற்கிறது. அதனை எடுத்துக் காட்டுவது சுற்றிலுமுள்ள செம்மை. அதனையே தாளில் செய்தோம். மேடான கோலத்திற்கு வண்ணமே இல்லை. சுற்றியுள்ள பள்ளத்தில், செங்காவி நிறப் பொடியைப் பஞ்சால் ஒற்றி ஒற்றிச் சேர்த்தோம். செம்மைக்கு நடுவே வெள்ளைக் கோலம் விளக்கேற்றியதுபோல் எழுந்து நின்றது. புடைப்பும் கெடவில்லை, வண்ணமும் குறையவில்லை.

அஞ்சலில் அனுப்பும்பொழுது, அட்டையை மெல்லிய தாளில் சுற்றி, அதன்முன் கனத்த வெற்றட்டை ஒன்றை வைத்து உறையிலிட வேண்டும். இல்லையேல் முத்திரையின் அடி புடைப்பை நசுக்கிவிடும். உறையை எடைக்குக் காட்டியே தபால்தலை ஒட்டுங்கள்; கைத்தாள் கனமானது. குறைதலைக்குப் பெறுபவர் கையிலிருந்து தண்டம் கொடுக்கும்படி ஆகிவிடலாகாது.

இரண்டாம் ஆண்டு அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சளைத் தொட்டு வைத்து அத்தைக்கு அனுப்பினோம். இம்முறை தொலைபேசி வரச் சில நாள் ஆயிற்று. “கோலம் தெரியுதுய்யா. காவி போட்டிருக்கியளே, யாரு வேலை?” என்றார். எங்கள் வீட்டுச் சிறுமியின் வேலை என்றோம். பின்னர் அவரே சொன்னார்: “கண்ணு கூசுறப்போ விரலை வச்சுத் தடவிக்கிடுவேன். இழை எங்கே வளையுதுன்னு விரலுக்குத் தெரியுது. புள்ளி வச்சது சரியா இருக்கு. ஓரத்துல ஒரு புள்ளி மட்டும் விட்டுப்போச்சு, சொல்லிடு அவகிட்ட.” எண்ணிப் பார்த்தோம். ஒரு புள்ளி விட்டுத்தான் போயிருந்தது. கண்ணால் பார்த்த எங்கள் நால்வருக்கும் தெரியாத குறை, அறுபது ஆண்டு கோலமிட்ட அவ்விரலுக்குத் தெரிந்தது.

அன்பர்களே, உறவினரை விட்டுத் தொலைவில் வாழும் நாம் அனுப்பும் வாழ்த்து, அவர்கள் கண்ணுக்கும் தெரியவேண்டும்; கைக்கும் தெரியவேண்டும். இவ்வாண்டு ஒரே ஓர் அட்டையேனும் செய்து பாருங்கள். ஊரில் உள்ள முதியவர் ஒருவருக்கு அனுப்புங்கள். இன்னொன்றும் செய்யக் கூடுமாயின், ‘சங்கராந்தி’ என்று கன்னட எழுத்தில் புடைப்பெழுப்பி, எள்ளும் வெல்லமும் தந்த அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். கன்னட எழுத்தும் சுழிகள் நிறைந்ததே. தமிழ்ச் சுழிக்குப் பாலம் விட்டுப் பழகிய கைக்கு அது அயலாக இராது. மூலையில் மஞ்சள் வைக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.